அலுவலக எழுத்தைக் கல்லூரியில் எப்படிக் கற்பிப்பது: ஓர் இளம் ஆசிரியரின் கேள்விக்குப் பதில்

தேவகோட்டைப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இந்த ஆண்டு பணியில் சேர்ந்திருப்பதாகவும், பி.காம். மூன்றாம் ஆண்டுக்கும் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டுக்கும் அலுவலக, தொழில்நுட்ப எழுத்துப் பாடம் நடத்தும் பொறுப்பு உங்களுக்கு வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஓரளவு இலக்கணம் தெரிந்த மாணவர்களால்கூட ஒரு காரியம் நடக்கும்படியாக நான்கு வரி மின்னஞ்சல் எழுத முடியவில்லை, எந்தப் புத்தகத்தை வைத்து நடத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்ததில், நீங்கள் தேடுவது புத்தகம் அன்று என்றே எனக்குத் தோன்றியது. மதிப்பெண் போடும் ஆசிரியரைத் தவிரப் படிக்க வேறு ஆள் இல்லாத வகுப்பறையில், நாளைக்கு ஒரு மேலாளரோ வாடிக்கையாளரோ பொறியாளரோ படித்து உடனே செயல்பட வேண்டிய எழுத்தை எப்படிப் பழக்குவது என்பதுதான் உங்கள் கேள்வியின் உட்பொருள். அதற்கே பதில் சொல்கிறேன். நான் காரைக்குடியை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்தேன். மருத்துவமனை, நீதிமன்றம் சார்ந்த எழுத்தை நான் நடத்தியதில்லை. இங்கே சொல்வது அவற்றுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில், ஐயத்துக்கு இடமில்லாமல் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் எழுதத் தெரியாதவர்கள் அல்லர். பதினைந்து ஆண்டுகளாக ஒரே வகையான வாசகருக்கு எழுதிப் பழகியவர்கள். அந்த வாசகருக்கு விடை முன்பே தெரியும். எழுதியவனுக்குத் தெரிகிறதா என்று பார்க்கவே அவர் படிக்கிறார். பக்கம் கூடினால் மதிப்பெண்ணும் கூடும் என்பது மாணவனின் அனுபவம். அலுவலகத்தில் இது அப்படியே தலைகீழாகிறது. படிப்பவருக்கு விஷயம் தெரியாது, தெரிந்துகொண்டு ஒரு முடிவெடுக்க வேண்டும், அதற்கு அவரிடம் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் மேலாளர்கள் அறிக்கைகளை எப்படிப் படிக்கிறார்கள் என்று முன்னொரு காலத்தில் ஆராய்ந்தபோது, எல்லோரும் முகப்பிலிருந்த சுருக்கத்தைப் படித்தார்கள், உள்ளே இருந்த விரிவான பகுதியைப் படித்தவர்கள் சிலரே என்று தெரியவந்தது. நம் மாணவனோ முக்கியமானதைக் கடைசியில் வைக்கவே பழக்கப்பட்டவன்: நோக்கம், கருவிகள், செய்முறை, அட்டவணை, பிறகுதான் முடிவு. ஆய்வகக் குறிப்பேட்டுக்கு அந்த வரிசை சரி. அதே வரிசையில் ஆலை மேலாளருக்கு எழுதினால், அவர் முடிவுக்கு வந்து சேர்வதற்குள் தொலைபேசி அடித்துவிடும்.

நம் பிள்ளைகள் பள்ளியில் உண்மையாகவே மனப்பாடம் செய்த அலுவலகக் கடிதம் ஒன்றே ஒன்று, விடுப்புக் கடிதம். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் அந்த வாக்கியம் கல்லூரி மூன்றாம் ஆண்டிலும், காய்ச்சல் இல்லாமல் அக்காள் கல்யாணத்துக்குப் போகிறவனின் கையிலிருந்தும், கொஞ்சமும் மாறாமல் வரும். அதைக் கண்டிப்பதை நான் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போதெல்லாம் என் முதல் வகுப்பை அதிலிருந்துதான் தொடங்குகிறேன். ஏனென்றால் காரணம், வேண்டுகோள், எத்தனை நாள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று ஒரு நல்ல அலுவலகக் கடிதத்துக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன. யாரும் அவற்றைப் பிரித்துக் காட்டாததால், அது மந்திரம் போல மனத்தில் தங்கிவிட்டது. அதைப் பிரித்துக் காட்டி, இந்தக் கடிதத்தைப் படித்த தலைமையாசிரியர் எந்தக் கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட முடிந்தது ஏன் என்று கேட்டால், கடைசி வரிசையில் இருப்பவனும் பதில் சொல்வான். வகுப்பு அங்கேயே பாதி நடந்துவிடும்.

அடுத்த பாதிக்கு ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். ஓர் ஆலையில் உள்ளிருப்புப் பயிற்சிக்குப் போன என் மாணவர் ஒருவர், காற்றை அழுத்தித் தரும் கம்பரசர் இயந்திரம் பற்றிப் பராமரிப்புப் பொறியாளருக்கு ஆங்கிலத்தில் எழுதிய மின்னஞ்சலின் சாரம் இது: 'பொருள்: கம்பரசர் தொடர்பாக. மேற்கண்ட பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது என்னவென்றால், எங்கள் பிரிவில் கடந்த சில நாள்களாகக் கம்பரசரில் சில பிரச்சினைகள் காணப்படுகின்றன. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து தேவையான நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' ஆங்கிலத்தில் ஒரே ஒரு இலக்கணப் பிழைதான் இருந்தது. மூன்று நாளாகியும் பதில் வரவில்லை என்று வருத்தத்தோடு என்னிடம் காட்டினார். நான் திருத்தவில்லை, கேள்வி மட்டும் கேட்டேன். எந்தக் கம்பரசர்? என்ன பிரச்சினை, எப்போதிலிருந்து, எவ்வளவு? அவர் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறாய்? எப்போதைக்குள்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? இரண்டாவது கேள்விக்கே அவர் அலைபேசியை எடுத்து ஆலையில் இருந்த நண்பரிடம் கேட்க வேண்டியதாயிற்று. நடவடிக்கை என்ன என்ற கேள்விக்கு அவரிடம் பதிலே இல்லை. 'தேவையான நடவடிக்கை' என்ற தொடர் இப்படித்தான் பிறக்கிறது: எழுதுகிறவர் என்ன வேண்டும் என்று இன்னும் முடிவு செய்யவில்லை, அந்த இடத்தைப் பணிவான சொற்களால் நிரப்பிவிடுகிறார். மறுநாள் அவர் எழுதிக் கொண்டுவந்தது இது: 'பொருள்: கம்பரசர் 3, வியாழன் காலை இரண்டு மணி நேரம் நிறுத்த அனுமதி. கம்பரசர் 3-இன் அழுத்தம் திங்கள் காலை முதல் 7 பாரிலிருந்து 5.2 பாருக்கு இறங்கியுள்ளது. உறிஞ்சு வால்வு தேய்ந்திருப்பதாக ஃபிட்டர் சொல்கிறார். ஸ்டோரில் மாற்று வால்வு இரண்டு உள்ளன. வியாழன் காலை 6 மணி முதல் 8 மணி வரை நிறுத்தினால் மாற்றிவிடலாம். அழுத்தம் இன்னும் இறங்கினால் ஆட்டோகோனர்கள் (நூல் சுற்றும் இயந்திரங்கள்) நின்றுவிடும். புதன் மாலைக்குள் அனுமதி தர வேண்டுகிறேன்.' பதில் அரை மணி நேரத்தில் வந்தது. முதல் மின்னஞ்சலைவிட இரண்டாவது பணிவில் குறைந்ததா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நல்ல விவாதம் நடக்கும். பெரியவர்களிடம் நேரடியாகக் கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். படிப்பவரின் நேரத்தைக் காப்பதும் மரியாதைதான் என்பதை விதியாகச் சொன்னால் ஏற்கமாட்டார்கள், இப்படி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தாங்களே கண்டுகொள்வார்கள்.

இதை மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி தன் அப்பத்தா வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்த பழைய கடிதம் ஒன்றை வீட்டாரின் அனுமதியோடு வகுப்புக்குக் கொண்டுவந்தார். பர்மாவில் வட்டிக்கடையைப் பொறுப்பேற்று நடத்திய மேலாள் (முதலாளியின் முகவர்) ஊரிலிருந்த முதலாளிக்கு எழுதியது. மேலே பிள்ளையார் சுழி, சிவமயம், தமிழ் மாதமும் தேதியும். நலம் விசாரிப்பு ஒன்றரை வரி. அதன் பிறகு உடனே வரவு: யாரிடம் எவ்வளவு வசூலானது. பிறகு நிலுவை: யார் தரவில்லை, ஏன், எப்போது தருவதாகச் சொல்கிறார். பிறகு ஒரே ஒரு கேள்வி: இன்னார் மறுபடியும் கடன் கேட்கிறார், நெல் அறுவடைக்குப் பின் தருவதாகச் சொல்கிறார், கொடுக்கலாமா, இத்தனைக்கு மேல் வேண்டாம் என்பது தம் எண்ணம், அடுத்த தபாலில் உத்தரவு வேண்டும். அவ்வளவுதான். கப்பல் தபாலில் கடிதம் போய்ப் பதில் வர வாரக்கணக்கில் ஆன காலம். முதலாளி ஒரு விளக்கம் கேட்டால், அறுவடையே முடிந்துவிடும். ஆகவே ஊரில் தன் வீட்டு வளவில் உட்கார்ந்து படிப்பவர் இன்னொரு கேள்வி கேட்காமல் முடிவெடுக்கும்படி எழுத வேண்டிய கட்டாயம் அந்த மேலாளுக்கு இருந்தது. கடைநிலை உதவியாளரான பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, மேலாளுக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாளாக உயர்ந்து, கடையில் இருந்தபடியே கணக்கும் கடிதமும் பழகியவர்கள் அவர்கள். வணிகக் கடிதத்துக்கென்று ஒரு பாடநூலை யாரும் அவர்களுக்குத் தந்திருக்க மாட்டார்கள். உங்கள் பி.காம். மாணவர்களில் சிலர் வீட்டிலேயே இப்படிப்பட்ட கடிதங்களும் பேரேடுகளும் ஐந்தொகைகளும் இருக்கக்கூடும். பெரியவர்கள் சம்மதித்தால் ஒன்றிரண்டை வகுப்பில் படித்துப் பாருங்கள். ஒரு கடிதத்தை வைத்து எல்லோரும் இப்படித்தான் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒன்று என் மாணவர்களுக்கு நன்றாகப் புரிந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

வேதியியல் மாணவர்களுக்கு வேறு ஓர் உதாரணம் உதவும். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதைந்து கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேர் இறந்ததை எல்லோரும் அறிவார்கள். ஏவப்பட்டபோது வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியிருந்தது. அதனால் ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் விண்ணோடம் மேலே இருக்கும்போதே ஆராய்ந்து, பவர்பாயிண்ட் பக்கங்களாக மேலாளர்களுக்குக் காட்டினார்கள். விசாரணைக் குழுவின் அறிக்கை அவற்றில் ஒரு பக்கத்தைத் தனியாக எடுத்து விமரிசித்தது. அந்தப் பக்கத்தின் தலைப்பு கவலைப்பட வேண்டியதில்லை என்ற எண்ணத்தைத் தந்தது. பழைய சோதனைகளில் பயன்படுத்திய துண்டின் கன அளவு 3 கன அங்குலம், இப்போது மோதியதன் கணிப்போ 1,920 கன அங்குலம் என்ற செய்தி கடைசி வரியில், சிறிய எழுத்தில் இருந்தது. சோதனையில் கண்டதைவிட அறுநூறு மடங்குக்கு மேல் பெரிய துண்டு என்றால், அந்தச் சோதனை முடிவை இங்கே நம்ப முடியாது என்று பொருள். அதுதான் தலைப்பாக இருந்திருக்க வேண்டும். ஒரு பக்கத்தைச் சரியாக எழுதியிருந்தால் ஏழு உயிர்கள் பிழைத்திருக்கும் என்று மட்டும் வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். நிர்வாகத்தின் மனப்போக்கு, காலக்கெடு என்று காரணங்கள் பல. அவற்றையும் அதே அறிக்கை விரிவாகச் சொல்கிறது. முக்கியமான எண் கீழே புதைந்திருந்தது என்பது உறுதி. மேலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் அறுதியிட முடியாது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதே மாணவர்களுக்கு ஒரு பாடம்.

இனி, நடைமுறைக்கு வருகிறேன். உங்களிடம் இரண்டு துறை மாணவர்கள் இருப்பது பெரிய வசதி. எனக்குக் கிடைக்காத வசதி. வேதியியல் மாணவர் எழுதியதை பி.காம். மாணவர் படிக்கட்டும், அவர் எழுதியதை இவர் படிக்கட்டும். விஷயம் தெரியாத, ஆனால் புரிந்துகொண்டு ஏதாவது செய்ய வேண்டிய வாசகர் அங்கேயே கிடைத்துவிடுகிறார். படித்தவர் எழுதியவரிடம் எத்தனை கேள்வி கேட்க வேண்டியிருந்தது என்று எண்ணி, ஓரத்தில் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். நான் இதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறேன். 'தெளிவாக எழுது' என்று நூறு முறை சொன்னாலும் ஏறாதது, ஓரத்தில் '7' என்று எழுதியதைப் பார்த்ததும் ஏறுகிறது. அடுத்த வாரம் அதை 3 ஆக்க அவர்களே முயல்வார்கள்.

செய்முறை விளக்கம் எழுதப் பழக்குவதற்கு நம் வட்டாரத்தில் ஆத்தங்குடி டைல் பட்டறையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கண்ணாடித் தட்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சின் அறைகளுக்குள் சிமெண்டும் நிறப்பொடியும் கலந்த குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையை வைத்து மட்டம் செய்வதை அரை மணி நேரம் நின்று பார்க்கலாம். பிறகு அது காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, கண்ணாடியிலிருந்து கழன்று வரும். பார்த்துவிட்டு வந்து, பட்டறையைப் பார்த்தே இராத ஒருவர் செய்யக்கூடிய வகையில் எழுதச் சொல்லுங்கள். உலர்ந்த தூளை ஏன் முதலில் தூவுகிறார்கள் என்பதைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவார்கள். நிறக்குழம்பின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது என்று பட்டறைக்காரர் சொல்லியிருப்பார், அவர்களும் கேட்டிருப்பார்கள். கைகளின் அசைவை எழுதுவார்கள், காரணத்தை எழுதமாட்டார்கள். காரணம் தெரியாத தொழிலாளி அவசரத்தில் அந்தப் படியைத் தாண்டிவிடுவார் என்பதை அப்போது சொன்னால் பதியும்.

வெளியிலிருந்து வாசகரை அழைத்துவருவதும் கடினமன்று. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட, மின்வேதியியல் ஆராய்ச்சி நடத்தும் மத்திய அரசின் சிக்ரி ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. வங்கி, ரயில்வே, பல்கலைக்கழகம் என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சுற்று வட்டார ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்களைப் பேச அழைத்தால் தம் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லிவிட்டுப் போவார்கள். மாணவர் எழுதிய பத்துக் கடிதங்களைக் கையில் கொடுத்து, எதைப் படித்ததும் கையெழுத்துப் போடுவீர்கள், எதை ஓரமாக வைப்பீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

திருத்துவதைப் பற்றிக் கவலை தெரிவித்திருந்தீர்கள். இரண்டு வகுப்பும் சேர்ந்து நூறு பேருக்கு மேல் என்றால், எல்லாவற்றையும் சிவப்பு மையால் திருத்த உங்களால் முடியாது, முயலவும் வேண்டாம். பள்ளி மாணவர்களின் எழுத்துப் பயிற்சி பற்றி நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து கிரஹாம், பெரின் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, திட்டமிடவும் திருத்தவும் வழிமுறை கற்றுக்கொடுப்பதும், சேர்ந்து எழுதச் செய்வதும், குறிப்பிட்ட இலக்கு வைப்பதும் நல்ல பயன் தந்தன; இலக்கணத்தைத் தனியாக நடத்துவது எழுத்தின் தரத்தை உயர்த்தவில்லை. ஆனால் அவர்கள் ஆராய்ந்தது நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களை. ஆங்கிலத்தை வகுப்பறைக்கு வெளியே கேட்காத நம் மாணவருக்கு அது முழுவதும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாம் மொழியில் எழுதுபவரின் இலக்கணப் பிழையைத் திருத்துவதால் பயன் இல்லை என்று டிரஸ்காட் என்ற ஆய்வாளர் 1996-இல் வாதிட, ஃபெரிஸ் முதலிய ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. நான் கடைப்பிடிப்பது ஒரு நடுவழி: பொருளை மாற்றும் பிழைகளை மட்டும் குறிக்கிறேன். 'அனுப்பினோம்' என்பதும் 'அனுப்புவோம்' என்பதும் மாறினால் ஒரு நிறுவனத்துக்குப் பணம் நஷ்டம். அளவையின் அலகை விட்டால் ஆபத்து. 'இன்', 'ஆன்', 'அட்' போன்ற முன்னிடைச்சொல் தவறுகளைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறேன். பருவத்துக்கு இரண்டு நீண்ட கட்டுரைக்குப் பதிலாகப் பத்துச் சிறு எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒருமுறை திருத்தி எழுதியது, அவற்றில் நான்குக்கு மட்டும் மதிப்பெண். திருத்திய வடிவுக்கே மதிப்பெண் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்; முதல் வடிவுக்கு மதிப்பெண் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

முதலில் தமிழில் எழுதிப் பிறகு ஆங்கிலத்துக்குப் போகலாமா என்ற உங்கள் கிளைக்கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து மட்டுமே பதில் சொல்ல முடியும். முழுக் கடிதத்தையும் தமிழில் எழுதி மொழிபெயர்த்தால் நடை முடமாகிறது. ஆனால் யார் படிக்கிறார், அவர் என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள், அதற்கு அவருக்குத் தெரிய வேண்டியவை எவை என்ற நான்கையும் தமிழில் பேசி, தமிழில் குறித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியவர்கள் நன்றாக எழுதியிருக்கிறார்கள். சிந்தனையில் உள்ள ஓட்டை தாய்மொழியில் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. சாட்ஜிபிடி போன்றவற்றைத் தடுப்பதில் நான் சக்தியைச் செலவிடுவதில்லை. வாக்கியத்தை அது அழகாக்கிக் கொடுக்கும். ஸ்டோரில் மாற்று வால்வு இரண்டு இருப்பது அதற்குத் தெரியாது. அந்த நான்கு குறிப்புகளையும் வகுப்பிலேயே கையால் எழுதி வாங்கிவிடுங்கள், பிறகு எதைக் கொண்டு எழுதினாலும் பெரிய கேடில்லை.

வகுப்பில் பழகியது வேலையிடத்துக்கு அப்படியே போய்ச் சேருமா என்பதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. பல்கலைக்கழகத்தில் எழுதுவதும் பணியிடத்தில் எழுதுவதும் இரு வேறு உலகங்கள், புதிதாகச் சேர்ந்தவர் அங்கே மறுபடியும் முதலிலிருந்து கற்கிறார் என்று கனடா ஆய்வாளர்கள் 1999-இல் விரிவாக எழுதினார்கள். வேலைக்குப் போன என் மாணவர்கள் சொல்வதும் பெரும்பாலும் அதை ஒட்டியே இருக்கிறது: ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம், ஒவ்வொரு மேலதிகாரிக்கும் ஒரு விருப்பம். ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் கண்டிருக்கிறேன். புது இடத்தில் யார் படிக்கிறார் என்று கேட்கத் தெரிந்தவர்கள் அந்த வழக்கத்தை ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். படிவத்தை மட்டும் மனப்பாடம் செய்து போனவர்கள் அது பொருந்தாதபோது திகைத்து நிற்கிறார்கள். இது என் கண்ணில் பட்டது, அளந்து பார்த்தது அன்று.

தேர்வு ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் 'புரொஃபஷனல் இங்கிலீஷ்' என்ற பாடம் முதல் இரண்டு பருவங்களோடு முடிந்துவிடுவதால், எங்கள் மாணவர்கள் வேலைக்குப் போகும்போது அதை மறந்திருப்பார்கள். உங்களுக்கு மூன்றாம் ஆண்டில் பாடம் கிடைத்திருப்பது நல்வாய்ப்பு. வினாத்தாள் கேட்கும் கடித வடிவங்களைக் கடைசி இரண்டு வாரத்தில் நடத்திக்கொள்ளலாம், பிள்ளைகள் அதற்குள் எளிதாகப் பிடித்துக்கொள்வார்கள். முதல் வாரத்திலேயே வடிவத்தைத் தொடங்கிவிடாதீர்கள். புத்தகத்தைப் பொறுத்தவரை, துறைக்கு ஏற்கெனவே வாங்கிவைத்திருப்பது எதுவோ அதுவே போதும். ஆத்தங்குடிக்குப் போவதானால் முன்கூட்டியே பட்டறையில் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். ஒரு நேரத்தில் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம், பின்னால் நிற்பவர்களுக்குக் கண்ணாடித் தட்டு தெரியாது.